நான் இடித்த நாற்பது நிமிடம்

உங்கள் குழுவின் வேலைமேசைக்கு மேலே, ஹெட்போன் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், என் கையெழுத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. 'முதல் பதிவைத் தொடாதே' என்று எழுதியிருக்கும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரிக்கட்டும். நகம் அளவு கார்டில் ஊரையே அடைத்து வைக்கலாம் என்கிற காலத்தில், ஒரு கோப்பை அழிக்காதே என்று கிழவி அட்டை எழுதி ஒட்டியிருப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இதுவரை செய்த வேலைகளைப் பற்றிப் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டீர்கள். நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண் சரியில்லை என்று சொல்லித்தான் பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் உங்கள் குழுவிலிருந்து விலகினேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் ராணுவத்தின் பணிமனை ஒன்றில் சிவிலியன் ஊழியராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவு. எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர், சரிசெய்து வைத்த கருவியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். லேசாக ஓர் இரைச்சல் இருந்தாலும் திருப்பித் தந்துவிடுவார். "கேக்கறவனுக்குப் பேச்சு மட்டுந்தாம்மா போகோணும், மத்ததெல்லாம் குப்பை" என்பார். அந்த இடத்துக்கு அது சரியான பேச்சு. மலையுச்சியில் மழையில் நிற்கும் சிப்பாய்க்கு இரைச்சலை ரசிக்க நேரம் இருக்காது. குப்பையை எடுப்பதில் அந்தப் பிரிவிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை ஓய்வுபெற்ற பிறகும் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஓய்வுக்குப் பிறகுதான் இந்தச் சின்னக் கம்ப்யூட்டர்கள் கைக்கு வந்தன. சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு, அதில் ஓர் எஸ்டி கார்டு, கார்டுக்குள் லினக்ஸ் என்கிற இயங்குதளம். டிவியோடு இணைத்துவிட்டால் பாட்டுப் பெட்டி, படப் பெட்டி, என்ன வேண்டுமானாலும் ஆகும். பழைய கேசட்டுகளையும் கல்யாண வீடியோக்களையும் அதில் ஏற்றி, குன்னூரைச் சுற்றிப் பல வீடுகளுக்கு வைத்துக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு சுபேதார் வீட்டில் வைத்த பெட்டி மூன்று முறை செத்துப்போனது. காரணம் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், அவர் வீட்டம்மா குக்கர் வைப்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பிளக்கைத் தினமும் பிடுங்கியிருக்கிறார். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் கார்டு தாங்குமா? இப்படிப்பட்ட கதைகளைத்தான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் நிறைய இருக்கிறது. நேரில் வந்தால் சொல்கிறேன்.

இப்போது செல்லையாவுக்கு வருகிறேன்.

ஊட்டியைத் தாண்டி நடுவட்டத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஈஸ்வரி என்று ஒரு பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பாதான் செல்லையா. எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவருக்கு இந்தியக் குடியுரிமைக் காகிதம் கிடைத்தது. அம்மாவுக்கும் தங்கை லெட்சுமிக்கும் அந்த நாட்டுக் காகிதம். குடும்பம் இரண்டாகப் போனது அப்படித்தான். அதற்குப் பிறகு அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அவருக்கு அங்கிருந்து வந்த ஒரே பெரிய கடிதம் ஒரு கேசட். அந்தக் காலத்தில் எழுதத் தெரியாதவர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பேசி, கப்பலில் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். லெட்சுமி பேசிக் கொடுத்தனுப்பிய கேசட் அது. வந்த சில மாதத்தில் அம்மா இறந்துவிட்டார். பிறகு கப்பலும் நின்றுபோனது. லெட்சுமியும் சில வருடங்களில் இறந்துபோனாள். டேப் ரெக்கார்டர் கெட்டுப்போகும்வரை செல்லையா அந்தக் கேசட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு அது டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. நம் மலை ஈரத்தில் டிரங்குப் பெட்டிக்குள் போனது என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈஸ்வரி என்னிடம் கொண்டுவந்தபோது நாடா ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

செல்லையாவும் கூட வந்திருந்தார். கேசட்டை என் கையில் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார்.

"பாடுங்களா மேடம்?"

"பாட வெச்சர்லாங்க. ஒரு வாட்டிதான் ஓடும், ரெண்டாவது வாட்டிக்கு நாடா தாங்காது. யாரோட குரலுங்க இது?"

"எந்தங்கச்சி. லெச்சுமி."

யாருடைய குரல் என்று கேட்டேன். அதில் நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரு நிமிட வேலை.

நாடாவைத் துடைத்து, புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றி, டெக்கில் போட்டு, டெக்கிலிருந்து நேராக நம் சின்னப் போர்டில் பதிவு செய்தேன். நாற்பது நிமிடம். மூச்சுவிடக்கூடப் பயமாக இருந்தது. கடைசி வார்த்தை முடிந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, நாடா உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்தது. எடுத்துப் பார்த்தால் துண்டு துண்டாக உதிர்ந்தது. எனக்குக் கவலை இல்லை. வேண்டியது எல்லாம் கார்டுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு என்னைவிடப் பெருமையான ஆள் நீலகிரியில் கிடையாது.

பிறகு சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். பதிவில் ஒரே சீராக ஓர் உஸ்ஸென்ற இரைச்சல் இருந்தது. அதை மென்பொருள் தானாகவே எடுத்துவிடும். ஆனால் லெட்சுமியின் குரலுக்குப் பின்னால் 'டொக், டொக்' என்று ஒரு தட்டும் சத்தமும் இருந்தது. பழைய டேப் ரெக்கார்டரில் ஏதோ சக்கரம் இடிக்கிறது என்று முடிவு கட்டினேன். அது சீராக வந்திருந்தால் மென்பொருளிடமே விட்டிருப்பேன். நடுநடுவே நின்று நின்று வந்தது. சில இடத்தில் நாலைந்து விநாடி சத்தமே இல்லை, பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும். அதைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தேன். மூன்று நாள் ஆனது. ஒரு 'டொக்' விடவில்லை. முடித்துவிட்டுக் கேட்டால் லெட்சுமி பக்கத்து அறையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது.

எல்லாவற்றையும் அந்தச் சின்னப் போர்டிலேயே செய்தேன். வேறு கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்று எனக்கு ஒரு வீம்பு. இந்தக் குட்டிப் போர்டால் முடியாதது எதுவுமில்லை என்று ஊருக்குக் காட்டுகிற வீம்பு. உங்களில் பாதிப் பேருக்கு அது இருப்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு இருந்த கார்டு சிறியது. வீட்டார் சந்தோஷப்படட்டும் என்று ஈஸ்வரியின் கல்யாணப் படங்களையும் நிறையப் பழைய பாட்டுகளையும் ஏற்ற நினைத்தேன். இடம் போதவில்லை. எதை எடுப்பது என்று பார்த்தேன். சுத்தமான பதிவு இருக்கும்போது அழுக்குப் பதிவு எதற்கு? ஒரு வரிக் கட்டளையில் அழித்தேன். லினக்ஸ் நிச்சயமா என்று திருப்பிக் கேட்காது, பெரிய மனுஷி தெரிந்துதானே சொல்கிறாள் என்று நம்பிவிடும். அந்த மரியாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். அழித்த இடத்தின்மேல் பாட்டுகளை ஏற்றினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவட்டம் போய் அவர்கள் வீட்டு டிவியில் இணைத்தேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குரல் வந்தது.

"செல்லண்ணே, நாங்க எல்லாரும் சொகமா இருக்கோம். இங்க மழ விடல. கொழுந்தும் கொறவுதான்..."

ஈஸ்வரி அழ ஆரம்பித்தாள். அத்தையின் குரலை இத்தனை தெளிவாக அவள் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் அடக்கமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். செல்லையா மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார். எதையோ தேடுவதுபோல் இருந்தது. பத்து நிமிடம் போல ஆனதும் திரும்பினார்.

"அம்மா எங்க?"

ஈஸ்வரி பயந்துவிட்டாள். "என்னப்பா சொல்றீங்க? பாட்டி இதுல பேசவே இல்லியே. மிசினக் கண்டா பயப்படும், கிட்டயே வராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"பேசாது. ஆனா இருக்கும். பின்னால உக்காந்து வெத்தல இடிச்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சத்தத்தக் காணோமே."

லெட்சுமி மட்டும் டிவியிலிருந்து பேசிக்கொண்டே இருந்தாள். மாடு கன்று போட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைவு. அந்தக் குரலின் சுத்தத்தை அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. ஓர் அம்மாவின் நாற்பது நிமிடத்தை மூன்று நாள் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே, துளித் துளியாகப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். பல்லி எச்சத்தைத் துடைப்பதுபோல் துடைத்திருக்கிறேன்.

"வேற பதிவு இருக்குதுங்க, ஊட்டுல இருக்குது, கொண்டாறேன்" என்று சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அழித்த கோப்பை மீட்கும் வழிகள் உங்களுக்குத் தெரியும். கார்டை அப்படியே நகல் எடுத்து, நகலில் தேடினேன். இரண்டு வாரம் தேடினேன். பழைய இடத்தின்மேல் நான் ஏற்றிய பாட்டுகள் உட்கார்ந்திருந்தன. கிடைத்தது ஏழு விநாடி. "மழ விடல" என்பதும் ஒரு பெருமூச்சும். அதில் ஓர் இடிகூட இல்லை. அறுந்த நாடாவையும் ஒட்டிப் பார்த்தேன். தொட்ட இடமெல்லாம் நாடாவின் மேல்பூச்சு உரிந்து விரலோடு வந்தது.

ஈஸ்வரி போன் செய்தாள்.

"அக்கா, கெடச்சுதுங்களா? அப்பா சரியாச் சாப்புடறதில்லீங்க. தெனமும் கேக்கறாரு, மேடம் வந்தாங்களா, மேடம் வந்தாங்களான்னு."

"தேடிட்டு இருக்கறேன் கண்ணு."

ஈஸ்வரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கெடைக்காட்டி... வேற ஏதாச்சும் ஒரல எடுத்து இடிச்சுச் சேத்துர முடியாதுங்களா? அவருக்கென்ன தெரியப்போகுதுங்க?" என்றாள்.

அவளைக் குறை சொல்லாதீர்கள். அப்பா சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்த இடத்தில் நான்தான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவட்டத்துக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, உங்கள் அம்மாவை நான் அழித்துவிட்டேன், என் கைதான் அழித்தது என்று சொல்லியிருக்க வேண்டும். நடுவட்டம் பஸ் வரும் இடம்வரைக்கும் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஏறாமல் திரும்பினேன். அந்தப் பணிமனையில் ஒரு வேலையையும் என்னால் முடியாது என்று நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைப் பிடித்து இழுத்தது. செல்லையாமீது வைத்த இரக்கம் என்று அன்றைக்கு அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஓர் இரும்பு வெற்றிலை உரல் இருந்தது. வாங்கி வந்தேன். ஜன்னலெல்லாம் சாத்தி, மேசைமேல் கம்பளி விரித்து, மைக்கைத் தள்ளி வைத்தேன். நாலைந்து இடியைப் பதிவு செய்து திருப்பித் திருப்பி ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஹெட்போனில் லெட்சுமியைக் கேட்டுக்கொண்டே நாற்பது நிமிடமும் நானே இடித்தேன். உண்மையான வெற்றிலையும் பாக்கும் போட்டு இடித்தேன். சத்தத்தைத் தூரமாக்கினேன், மங்கலாக்கினேன், எடுத்த இரைச்சலைத் திரும்பக் கொஞ்சம் தூவினேன். என் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே திறமையான வேலை அதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுபடியும் நடுவட்டம். இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை. "கெடச்சிருச்சுங்க" என்று சொல்லிப் பெட்டியைப் போட்டேன். செல்லையா நாற்பது நிமிடமும் அசையாமல் கேட்டார். ஆரம்பத்தில் ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. ஈஸ்வரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கு. மேடத்துக்குச் சாப்பாடு போடு."

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். செல்லையாவும் என்னோடு உட்கார்ந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டார். ஈஸ்வரி கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பஸ்ஸில் வரும்போது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும், செல்லையா தனியாக என் வீட்டு வாசலில் நின்றார். ஊட்டிக்கு வந்து, பஸ் மாறி, விசாரித்து வந்திருக்கிறார். கையில் துண்டில் சுற்றிய பெட்டி. உள்ளே வரச் சொன்னேன். உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்துப் பெட்டியை மேசைமேல் வைத்தார்.

"வேலை செய்யலீங்களா?" என்று கேட்டேன்.

"செய்யுது மேடம். நல்லாத்தான் செய்யுது. இத வேற யாருக்காச்சும் குடுங்க. நமக்கு வேணாம்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "புள்ளைக்குத் தெரிய வேணாம். ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லிக்கிறேன்."

ஒன்றும் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்டேன்.

"எப்பிடித் தெரிஞ்சுதுங்க?"

அவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று தயங்கியது தெரிந்தது. மேசை ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"அம்மா மிசினுகிட்ட வராது. அந்தாலே உக்காந்து இடிச்சுக்கிட்டே இருக்கும். லெச்சுமி என்னமோ பேசும், ஊர்க்கத எல்லாம் பேசும். இடி பாட்டுக்கு இடி. ஆனா 'செல்லண்ணே'ன்னு எம்பேரச் சொல்லுது பாருங்க, அப்ப நின்னுரும். எம்பேரு வர்ற எடத்துல எல்லாம் இடி நிக்கும். அம்மா கேக்குது. என்ன சொல்லப்போறான்னு கேக்குது. அப்புறம் மறுபடி இடிக்கும். நான் அதத்தான் மேடம் கேப்பேன். லெச்சுமி பேச்சு எனக்கு மனப்பாடம்."

நின்று நின்று வந்த சத்தம். நாலைந்து விநாடி மௌனம். அந்த இடங்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். திரையில், ஒலி அலைகளுக்கு நடுவே, வெறும் கோடாக. இந்த இடத்தில் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். உரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவர் பெயர் வந்த இடத்தில் எல்லாம் விடாமல் இடித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. அழித்தது, மூடிமறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தேநீர் வைத்துக் கொடுத்தேன், குடித்தார். இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார்.

அந்தப் பெட்டி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. இரண்டு பதிவுகளும் அதில் இருக்கின்றன, சுத்தமானதும் பொய்யானதும். எதையும் அழிக்கவில்லை. அதற்குப் பிறகு யாருடைய கேசட்டையும் நான் கையில் வாங்கவில்லை. உங்களிடம் யாராவது கேசட் கொண்டுவந்தால், முதலில் அவர்களை உட்காரவைத்து, இதில் நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். கெடுத்துவிட்டால், கெட்டது என்று அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பஸ் ஏறுங்கள்.

அன்றைக்கு வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்ட செல்லையா, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் திரும்பினார்.

"மேடம், அத யாரு இடிச்சது?"

"நாந்தானுங்க."

"முழுசுமா?"

"ஆமாங்க."

என் வலது கையைப் பார்த்தார்.

"நாப்பது நிமிசம்," என்றார். "கை வலிச்சிருக்குமே."